பூனையின் காதில் மனுஷ மருந்து

லாமு, பிப்ரவரி 9

தங்கை ஸோமோயேவுக்கு, அண்ணன் ஷேக்குவே சொல்லப் பக்கத்து வீட்டு ஃபமாவ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் காப்பில் இருக்கிறேன். மூட்டுவலி இருக்கிறது, காது இல்லை, மற்றதெல்லாம் பழையபடி. உன் உடல்நலம் கேட்டு ஒரு வரி போடாமல் கடிதம் கடிதமாகாது என்று ஃபமாவ் அடம்பிடிக்கிறான். போட்டுக்கொள்ளட்டும்.

மொம்பாஸா பஸ் கண்டக்டர் துவாலிபு நேற்றுப் படகுத்துறையில் என்னை நிறுத்தி, காதுக்குள் வாயை வைத்துக் கத்தினான்.

"பெரியவரே, உங்க தங்கச்சி பூனையக் கூடையில வச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க. வெயில் படாம மேல துணி வேற."

"எந்த ஆஸ்பத்திரிக்குடா?"

"பூனை ஆஸ்பத்திரிக்குத்தான். அங்க மனுஷங்க மருந்த எழுதிக் குடுத்திருக்காங்களாம்."

துறையில் நின்ற கூலிகள், படகோட்டிகள், கழுதைகள் எல்லோருக்கும் கேட்டது. கழுதைகளுக்குத்தான் கொஞ்சம் மரியாதை தெரிந்திருந்தது, அவை சிரிக்கவில்லை.

இந்த ஊரில் பூனைக்கா பஞ்சம்? மீன் தலை தின்கின்றன, அடித்துக்கொள்கின்றன, குட்டி போடுகின்றன, ஒருநாள் காணாமல் போகின்றன. ஒரு பூனையும் டாக்டர் வீடு எங்கே என்று என்னைக் கேட்டதில்லை. மனுஷ மருந்து பூனையை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் மாலுமியாக ஓடிய நகுதா அபூதுவின் கப்பலில் சமையற்காரன் கும்போ, பூனைக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தன் தலைவலி மாத்திரை ஒன்றை மீனுக்குள் வைத்துக் கொடுத்தான். மலிந்தியைத் தாண்டும்போது அதன் முகம் வீங்கியது. ஈறு சேற்று நிறமானது. கிஸ்மாயு போய்ச் சேருமுன் கடலில் போட்டோம். கும்போ படிக்காதவன். உன் டாக்டர் படித்துவிட்டு வந்து அதையே செய்கிறாள்.

உன் வீட்டுக்காரர் அவாத் மவுத்தாகி இரண்டு நோன்பு கடந்துவிட்டது. அந்தக் கிபோகோனிச் சந்தில், அத்தர் கடைக்கு மேலே, ஒரு பூனைக்குப் பணிவிடை செய்துகொண்டு யாருக்காகக் காத்திருக்கிறாய்? இங்கே மாடி அறை காலியாகக் கிடக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு வா. ஃபமாவின் பெண்டாட்டி போடுகிற சோற்றைத்தான் தின்கிறேன். அவள் உப்புப் போட மறந்துவிடுகிறாள். (மறப்பதில்லை. - ஃபமாவ்)

உன் அண்ணன்
ஷேக்குவே


மொம்பாஸா, பிப்ரவரி 24

மதிப்பிற்குரிய அண்ணனுக்குத் தங்கை ஸோமோயே ஸலாம் கூறி எழுதுவது. நான் நலமே. உங்கள் மூட்டுவலிக்கு எள்ளெண்ணெய் அனுப்பியிருக்கிறேன், துவாலிபுவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவும். போனில் பேசினால் உங்களுக்கு ஈ பறக்கிற சத்தம்தான் கேட்கும் என்பதால் எழுதுகிறேன். ஃபமாவ் தம்பி இதைக் கொஞ்சம் மெதுவாகப் படித்துச் சொல்லவும்.

கராஃபூ அவாத் வளர்த்த பூனை. கிராம்பு நிறத்தில் இருப்பதால் அவர் வைத்த பெயர். நாலு பேர் சாப்பாட்டை ஒருத்தியாகத் தின்றாள், தின்னத் தின்ன இளைத்தாள், இரவெல்லாம் கத்தினாள். டாக்டர் முகேனி அவள் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார், கழுத்துச் சுரப்பி ஓய்வில்லாமல் ஓடுகிறதாம், மனுஷருக்கு வருகிற அதே தைராய்டு வியாதியாம். உங்கள் கடிதம் வந்த பிறகு மறுபடி போய் நானும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன்.

"டாக்டர், இது மனுஷங்க மருந்தாச்சே?"

"ஆமாம்மா. டப்பா மேல பூனைன்னு ஒரு வார்த்தை இருக்காது. மருந்து செஞ்சவன் பூனைய நெனச்சுச் செய்யல. ஆனா பூனைக்கும் இதுதான் கேக்குது, அளவு மட்டும் நான் சொல்றது."

"தலைவலி மாத்திரை குடுத்து ஒரு பூனை செத்துப்போச்சுன்னு எங்க அண்ணன் சொன்னாரு."

"சாகத்தான் செய்யும். பூனைக்கு அது விஷம். அதுவும் மனுஷ மருந்து, இதுவும் மனுஷ மருந்து. எது ஆகும், எது ஆகாதுன்னு சொல்றதுக்குத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்."

மாத்திரையைக் கராஃபூ விழுங்கவில்லை. துப்பினாள், கடித்தாள். அதனால் டாக்டர் மருந்துக்கடையில் சொல்லி அதையே களிம்பாக்கித் தந்திருக்கிறார். காலையும் மாலையும் காதின் உட்புறத்தில் தடவ வேண்டும். தோல் வழியே உள்ளே போய்விடுமாம். தடவுகிற கைக்கு ரப்பர் கையுறை போடச் சொல்லியிருக்கிறார். "வெறும் விரலால தொடாதீங்க, பூனை காது குடிக்கிற மாதிரி உங்க தோலும் குடிச்சிடும். உங்க சுரப்பி நல்லா இருக்கு, அதைப் போய்த் தூங்க வச்சிடும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டைப் பூட்டுவது பற்றி எழுதியிருந்தீர்கள். இந்த வீட்டில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. தொப்பிக்குப் பூவேலை தைக்கிறேன், வியாபாரி வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறார். இப்போதைக்கு வருவதற்கில்லை.

தங்கள் தங்கை
ஸோமோயே


லாமு, மார்ச் 8

தங்கை ஸோமோயேவுக்கு அண்ணன் சொல்வது. ஸலாம். எண்ணெய் வந்தது. நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

கடிதத்தை மெதுவாகப் படிக்கச் சொன்னாயாம். மெதுவாகப் படித்தால் எனக்கு எங்கே கேட்கும்? ஃபமாவ் வாசலில் நின்று தன் ஹல்வா விற்கிற குரலில் படித்தான். களிம்பு என்றான், கேட்டது. காது என்றான், கேட்டது. கையுறை என்றதை மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நம் தெருவில் மவுத்தான பெண்களின் மய்யித்தைக் குளிப்பாட்டுகிற மதீனா தலையை நீட்டினாள்.

"என்னது, கையுறை போட்டுக்கிட்டா பூனையத் தொடுறா?"

"ஆமா, டாக்டர் சொல்லியிருக்காங்களாம்" என்றான் ஃபமாவ்.

"பூனை உசுரோடதான இருக்கு?"

"உசுரோடதான் இருக்கு."

"அப்ப எதுக்கு என் வேலைய உன் தங்கச்சி பண்றா? ஷேக்குவே, உன் தங்கச்சிகிட்ட சொல்லு, கையுறை நான் போடுறது. அதுக்கப்புறம் யாரும் எந்திரிக்கிறதில்ல."

தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன். இப்போது குழாயடியில் உன் பெயர் 'பூனை குளிப்பாட்டி'. துறை வரைக்கும் போய்விட்டது.

யோசித்துப் பார். நம் வீட்டில் ஆடு இருந்தது, கழுதை இருந்தது, கோழி இருந்தது. நம் தாய் எதையாவது உறை போட்டுத் தொட்டாளா? உயிருள்ளதை அந்தக் கையால் தொடுவது மவுத்தை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைப்பது. கிபோகோனியில் உன் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? தைத்த தொப்பியை யார் வாங்குவார்கள்? அந்த டாக்டர் மலைநாட்டுப் பெண், நம்முடைய வழக்கம் அவளுக்கென்ன தெரியும்? பூனைக்குச் சுரப்பி ஓடுகிறதாம். ஓடட்டும். பூனை ஓடத்தானே பிறந்தது.

மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

ஷேக்குவே


மொம்பாஸா, மார்ச் 30

அண்ணனுக்கு ஸலாம். நான் நலம். தாங்களும் நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

கையுறையை விட்டுவிட்டேன். சுட்டுவிரலாலேயே தடவுகிறேன், அப்புறம் துணியில் துடைத்துக்கொள்கிறேன். இனி யாரும் சிரிக்க வேண்டியதில்லை என்று மதீனாவிடம் சொல்லவும்.

கராஃபூ இரவில் கத்துவதில்லை. கூடையில் வைத்துத் தூக்கினால் இப்போது கனம் தெரிகிறது.

ஸோமோயே


லாமு, ஏப்ரல் 19

தங்கை ஸோமோயேவுக்கு ஸலாம். மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகுகிறது, மூட்டு வலிக்கிறது, மற்றபடி சுகம். அங்கே சுகமா என்று ஃபமாவ் எழுதுகிறான்.

நான் ஒரு வார்த்தை சொன்னேன், கையுறை போனது. மதீனாவிடம் சொன்னேன். "அப்பாடா, இனிமே அவளுக்குப் புள்ள குட்டி கூடப் பொறக்கும்" என்றாள். அவளுக்கு வாய் அப்படி.

இனி இன்னொரு வார்த்தை சொல்கிறேன், அதையும் கேள். பூனை தேறிவிட்டது என்கிறாய். தேறியதை அத்தர் கடைக்காரனிடம் கொடு. அவன் கடையில் எலி இருக்கும். எலி பிடிக்கட்டும், அதற்குத்தான் ஆண்டவன் அதைப் படைத்தான். மனுஷனின் மருந்தைத் தின்று, மனுஷனின் கட்டிலில் படுத்து, ஒரு விதவையைத் தன் வேலைக்காரியாக வைத்துக்கொள்வதற்கு இல்லை. மழை விட்டதும் வந்துவிடு.

இந்த முறை உன் கடிதம் குறுகிப்போய்விட்டது. ஃபமாவ் கத்த ஆரம்பிக்குமுன்பே முடிந்துவிட்டது. துவாலிபுவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இன்னொரு தாள் ஒளித்து வைத்திருக்கிறானா என்று. காகிதத்துக்கு அங்கே பஞ்சமா?

ஷேக்குவே


மொம்பாஸா, ஜூன் 28

அண்ணனுக்கு ஸலாம். நான் நலம்.

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காருவேன், காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவேன். சுபுஹு தொழுகைக்கு எழுந்திருக்க முடியவில்லை, பாங்கு கேட்கிறது, உடம்பு எழுவதில்லை. வேறொன்றுமில்லை.

கராஃபூ நன்றாக இருக்கிறாள். மொம்பாஸாவில் இந்த வருஷம் குளிர். சால்வைக்கு மேல் சால்வை போட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டார் ஜன்னலைத் திறந்துவைத்து விசிறிக்கொள்கிறார்கள், அவர்களுக்கு என்ன உடம்போ தெரியவில்லை. தொப்பி வியாபாரி நான் தைத்ததைத் திருப்பி அனுப்பிவிட்டார், பூவேலைத் துளைகள் கோணலாக இருக்கின்றனவாம். ஊசி கையில் நிற்பதில்லை. கராஃபூ நன்றாக இருக்கிறாள், எடை போட்டுவிட்டாள். நானும்தான். மோதிரம் கழற்ற வரவில்லை, விரல் தடித்துவிட்டது. சோறு பிசைந்தால் ருசி தெரிவதில்லை, ஆனாலும் எடை போடுகிறேன். மொம்பாஸாவில் இந்த வருஷம் குளிர்.

டாக்டர் இப்போது வீட்டுக்கே வந்து கராஃபூவைப் பார்க்கிறார். கையுறை போடுகிறீர்களா என்று கேட்டார். போடுகிறேன் என்று சொன்னேன். கடிந்துகொள்வார் என்பதால்.

நான் நலம்.

ஸோமோயே


லாமு, ஜூலை 10

தங்கைக்கு ஸலாம். நான் நலம் என்று நீ ஒரே கடிதத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறாய், எனவே கேட்கவில்லை.

ஃபமாவ் படித்துக்கொண்டே போனவன் நடுவில் நின்றுவிட்டான். "அண்ணே, இதே வரிய மேலயே படிச்சேனே, நான் தூங்கிட்டேனா?" என்று கேட்டான். நீதான் தூங்கியிருக்கிறாய். இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். மொம்பாஸாக்காரிகள் படியிறங்க மாட்டார்கள், தண்ணீர் தூக்க மாட்டார்கள், தின்பார்கள், தடிப்பார்கள், மோதிரம் மாட்டிக்கொண்டது என்று ஊருக்குக் கடிதம் போடுவார்கள். குளிராம். ஜூலையில் மொம்பாஸாவில் குளிர் என்று சொன்ன ஆளை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. அந்தக் கடலில் எத்தனை தடவை போய் வந்தேன், சட்டை போட்டதில்லை. பூனை எடை போட்டது என்று டாக்டருக்குச் சந்தோஷமாயிருக்கும். தொப்பி கோணினால் யாருக்குச் சந்தோஷம்?

உன் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எழுத்து எனக்குத் தெரியாது, வரி தெரியும். முன்பெல்லாம் உன் வரிகள் துறையில் கட்டிய படகுகள் போல ஒழுங்காக நிற்கும். இதில் எல்லாம் நங்கூரம் அறுந்துபோய்க் கீழ்மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. வெட்கமாயிருந்தது. ஃபமாவிடம் திருப்பிக் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன்.

சோம்பலுக்கு மருந்து லாமுவில் இருக்கிறது. அறை காலியாக இருக்கிறது.

ஷேக்குவே


மொம்பாஸா, ஆகஸ்ட் 21

அண்ணனுக்கு.

சரி. நீங்கள் சொன்னபடி வந்துவிடுகிறேன். வீட்டைப் பூட்ட யாரையாவது அனுப்பவும். பெட்டியை என்னால் தூக்க முடியாது. கராஃபூவை அத்தர் கடையில் கொடுத்துவிடுகிறேன்.

ஸோமோயே


லாமு, செப்டம்பர் 1

மொம்பாஸா கிபோகோனிப் பக்கம் பூனை வைத்தியம் பார்க்கிற டாக்டர் அம்மா முகேனிக்கு, லாமுவிலிருந்து ஷேக்குவே சொல்ல ஃபமாவ் எழுதுவது. உங்களுக்கும் உங்களிடம் வருகிற மிருகங்களுக்கும் சுகம் உண்டாவதாக. மரியாதை போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஸோமோயேவின் மூத்தவன். அவளுடைய படியேறிப் போகிற ஆள் மொம்பாஸாவில் இப்போது நீங்கள் ஒருத்திதான் என்று துவாலிபு சொல்கிறான். அவளைப் பார்க்க அல்ல, பூனையைப் பார்க்கத்தான் என்றும் சொல்கிறான். மனுஷருக்கு எழுதின மருந்தைப் பூனைக்குக் கொடுக்கிறவர் நீங்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை, இதுவரை பிடிக்கவில்லை, நாளையும் பிடிக்காது. ஆனால் பூனை கொழுத்துவிட்டது என்கிறார்கள். எனவே கேட்கிறேன், பூனையைக் கொழுக்கவைத்த நீங்கள் மனுஷியைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தீர்களா?

என் தங்கை 'சரி' என்று எழுதியிருக்கிறாள். உங்களுக்கு அது ஒரு சொல். அவளை உங்களுக்குத் தெரியாது. சின்ன வயதில் வாப்பா அவளுடைய ஆட்டுக்குட்டியை விற்றபோது மழையில் மொட்டைமாடியில் உட்கார்ந்தாள். குட்டி திரும்பி வந்த பிறகுதான் இறங்கினாள். நகுதா அபூதுவின் கப்பல் கவிழ்ந்து நாங்கள் செத்துவிட்டோம் என்று செய்தி வந்தது. ஊரே எனக்கு ஃபாத்திஹா ஓதிக் கலைந்தது. எங்கள் தாயும் அழுது முடித்தாள். இவள் மட்டும் ஒவ்வொரு ராத்திரியும் என் தட்டை வைத்துச் சோறு போட்டாள். ஏசினார்கள், அடித்தார்கள், வைத்தாள். நான் திரும்பி வந்தபோது சோறு ஆறியிருந்தது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவள், வாதாடாமல், ஒரு வரியில் சரி என்கிறாள். பெட்டியைத் தூக்க முடியாது என்கிறாள். மாதக்கணக்காக நான் கூப்பிட்டதற்கு இது பதிலில்லை. ஆளை அனுப்பவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

அவள் எனக்கு எழுதியதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் நீங்கள் கொடுத்த கையுறையைக் கேட்டு ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன், அவள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் விரலால் தடவ ஆரம்பித்தாள். நல்ல காரியம். பூனையைத் தொடக் கையுறை போடச் சொல்லி அவளை நாலுபேர் முன்னால் கேலிப்பொருளாக்கியது நீங்கள்தான். அதற்கப்புறம் மழை முடிந்தபோது தூக்கம் என்றாள். குளிர் என்றாள். ஊசி நிற்கவில்லை என்றாள், விரல் வீங்கி மோதிரம் மாட்டியது, ருசி போனது, சொன்னதையே சொன்னாள். இதெல்லாம் சோம்பல் என்று நான் நினைத்தேன். சோம்பேறி சால்வை தேட மாட்டாள்.

பூனைக்குப் படித்தவர்தான் நீங்கள். இருந்தாலும் போய்ப் பாருங்கள்.

ஷேக்குவே


மொம்பாஸா, செப்டம்பர் 12

ஐயா ஷேக்குவே அவர்களுக்கு வணக்கம். நான் நலம், என்னிடம் வருகிற மிருகங்களும் பெரும்பாலும் நலம்.

என்னைத் திட்டிய வரிகளை விட்டுவிட்டு உங்கள் கடிதத்தைப் படித்தேன். மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. நீங்கள் 'நல்ல காரியம்' என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் எழுந்து செருப்பை மாட்டினேன்.

உங்கள் தங்கை கட்டிலில் இருந்தார். முகம் உப்பி, குரல் கம்மி. பூனை அவருடைய காலடியில் பளபளவென்று படுத்திருந்தது.

"எத்தன மாசமா வெறும் விரலால தடவுறீங்க?" என்று கேட்டேன்.

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "ஊர்ல சிரிச்சாங்க டாக்டர்."

"எந்த ஊர்ல?"

"லாமுவுல."

"லாமுவுல சிரிச்சதுக்கு மொம்பாஸாவுல கையுறையக் கழட்டினீங்களா?"

"எங்க அண்ணன் சத்தமாச் சிரிப்பாரு" என்றார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பூனையின் சுரப்பியை அடக்கக் கொடுத்த மருந்து விரல் வழியாகவும், அதே விரலால் பிசைந்த சோற்றின் வழியாகவும் உங்கள் தங்கையின் நல்ல சுரப்பியை அடக்கியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் வயதான சுரப்பி, சீக்கிரம் படுத்துவிட்டது. இதயம் நிற்கவா போகவா என்று அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஒருநாள் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டார் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். இப்போது பூனை மருந்து அவர் உடம்புக்குள் போவது நின்றுவிட்டது, தேறிவிடுவார், மெதுவாக. அதுவரைக்கும் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். அதே மாத்திரையைத்தான் நான் நாய்களுக்கு எழுதுகிறேன். உங்கள் தெருவுக்குச் சிரிக்க இன்னொன்று.

நிமிர்ந்து பார்த்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கையுறை போடுகிறேன் என்று அவர் சொன்னதை நம்பி, பூனையின் காதை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினேன். அது என் பங்கு. மற்றது உங்களுடையது. பங்கு பிரிப்பதற்கு நான் லாமுவுக்கு வரப்போவதில்லை.

முகேனி


மொம்பாஸா, நவம்பர் 20

அண்ணன் ஷேக்குவேவுக்கு ஸோமோயே ஸலாம் சொல்லி எழுதுவது. நான் நலம். இதற்கு முன் நலம் என்று எழுதியதெல்லாம் பொய், இது மெய்.

ஃபமாவ், வாசலில் நின்று படி. ஹல்வா விற்கிற குரலிலேயே படி. மதீனாவின் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அண்ணா, உங்களுக்கு நான் எழுதியதெல்லாம் தெருவுக்கு எழுதியது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் யோசிப்பேன், இதைக் கத்தினால் குழாயடியில் என்ன பேசுவார்கள் என்று. படியில் இரண்டு தடவை விழுந்ததை எழுதவில்லை. தலைமுடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்ததை எழுதவில்லை. வாப்பாவின் முகம் மறந்துபோய் ஒரு பகல் முழுக்க அழுததை எழுதவில்லை. இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு தெருவுக்குப் பயந்து கையுறையைக் கழற்றியவள் நான். என் முட்டாள்தனத்துக்கு நான் பொறுப்பு. ஆனால் நீங்கள் ஒரு கடிதத்திலாவது, ஸோமோயே உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டீர்களா? ஃபமாவ் கேட்டான். நீங்கள் அவனைக் கேலி செய்தீர்கள்.

டாக்டர் உங்கள் கடிதத்தை எனக்குக் காட்டினார். நான் தட்டு வைத்த கதை அதில் இருக்கிறது. நீங்கள் திரும்பி வந்த அன்று அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து தின்றீர்கள். இத்தனை வருஷம் கழித்து, யாரென்றே தெரியாத பூனை டாக்டரிடம் சொல்கிறீர்கள். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் படித்தேன். அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததைப் பார்த்து நர்ஸ், "அம்மா தேறிட்டாங்க" என்றாள்.

நான் வரமாட்டேன். ஆகஸ்டில் 'சரி' என்று எழுதியது என் வியாதி. நான் எழுதுவது இது. இது அவாத்தும் நானும் இருந்த வீடு, இதில் நான் இருப்பேன். கராஃபூவுக்கு மனுஷ மருந்து தடவுவேன், கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, எதிர்வீட்டார் பார்க்கத் தடவுவேன். மதீனாவிடம் சொல்லுங்கள், அவளுடைய கையுறைக்கு நான் இன்னும் அவசரப்படவில்லை.

தொப்பி வியாபாரி மறுபடி வர ஆரம்பித்துவிட்டார்.

ஸோமோயே


லாமு, டிசம்பர் 3

தங்கை ஸோமோயேவுக்கு அண்ணன் ஷேக்குவே. ஸலாம்.

உன் கடிதத்தை ஃபமாவ் படித்தான். நீ சொன்ன குரலிலேயே படித்தான், அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். மதீனா கடைசிவரை கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. அது எனக்கு நஷ்டமில்லை. துறையில் யாரும் என்னிடம் பூனை பற்றிப் பேசுவதில்லை, அதுவும் நஷ்டமில்லை.

அந்த டாக்டரின் எழுத்தில் திமிர் இருக்கிறது. மருந்தைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். ஒரு பூனைக்காக இத்தனை பேர் படியேறி இறங்குவது பைத்தியக்காரத்தனம். ஃபமாவ், இதை அடிக்காதே, எழுது.

படியில் விழுந்தேன் என்றாயே. எந்தப் பக்கம் அடிபட்டது? இப்போது வலி இருக்கிறதா? தூக்கம் ஒழுங்காக வருகிறதா, எழுந்திருக்க முடிகிறதா? முடி திரும்ப முளைக்கிறதா? இதற்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் எழுது. ஃபமாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கச் சொல்கிறேன். குழல் ஒன்று செய்து வைத்திருக்கிறான், காதில் வைத்து ஊதுகிறான், பாதி கேட்கிறது. பாதி போதும்.

வாப்பாவுக்கு இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். மூக்கு உன்னுடையது. சிரித்தால் வலது கண் மட்டும் மூடும். இனி மறந்தால் என்னைக் கேள், பகல் முழுக்க அழாதே.

மாடி அறையை ஃபமாவுக்குக் கொடுத்துவிட்டேன். ஹல்வா அண்டாக்களை ஏற்றிவிட்டான். உனக்காகப் போட்டிருந்த கட்டிலைக் கழற்றி அவன் பெண்டாட்டிக்குக் கொடுத்தாயிற்று. சோற்றில் இப்போது உப்பு இருக்கிறது. அதனால் இங்கே உனக்கு இடமில்லை, வா என்று இனி நான் சொல்லப்போவதில்லை.

பெருநாளுக்கு வருவதானால் என் பாயில் படுத்துக்கொள், நான் வாசலில் கிடப்பேன். பூனையையும் தூக்கிக்கொண்டு வரலாம், துறைப் பூனைகள் அதை மதிக்கப்போவதில்லை. வருமுன்னே திரும்பிப் போகிற டிக்கெட்டை எடுத்துவிடு. துவாலிபுவிடம் ஜன்னலோர சீட்டாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஷேக்குவே